பாரிசுக்குப் போன சின்ன மேளம்

என் மனைவியின் அண்ணன் பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார். சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிய புண்ணியத்தில் பேரன் பேத்திகளுக்கெல்லாம் பிரெஞ்சு பாஸ்போர்ட். அங்கே உத்தியோகம், இங்கே புதுச்சேரி குருசுக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போது சீஸ் கொண்டுவருவார், போகும்போது கருவாடு கொண்டுபோவார். மோப்பம் பிடித்தவருக்கு மட்டும்தான் தெரியும், பெட்டி எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்று.

இந்தத் தடவை சீசோடு ஒரு பளபளப்பான புத்தகமும் வந்தது. பாரிசில் ஒரு பாலே குழு அடுத்த சீசனில் என்னென்ன ஆடப்போகிறது என்ற நிகழ்ச்சி நிரல். அவருடைய மகள் அங்கே பாலே வகுப்புக்குப் போகிறாள். அதனால் வீட்டில் இதெல்லாம் புழங்குகிறது. நம் சபாக்காரர்கள் மார்கழிக்கு அடிக்கும் நோட்டீஸ் மாதிரிதான், கேன்டீன் விளம்பரம் மட்டும் இல்லை.

முன்பாதி கிளாசிக். அன்னமாகிப்போன பெண், பேயாகிப்போன பெண், பொம்மையோடு தூங்கிப்போன பெண். பின்பாதி நவீனம். அதில் ஆடுகிறவர்கள் உள்பாவாடை போல ஒன்றை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முழங்காலை அகட்டி மடக்கி, தரையைத் திட்டுவது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இரட்டைப் பக்கத்துக்கு ஒரு படம். நெற்றியில் முத்துச்சரம், வயிறு தெரியும் ரவிக்கை, மேலே தூக்கிய கையிலிருந்து இறங்கும் வெள்ளைச் சல்லா. உடம்பு முழுவதும் ஒற்றைக் கால் பெருவிரல் நுனியில் நிற்கிறது. பெயர், 'லா பயாதேர்'.

"உங்க பக்கத்துக் கதைதான் மாப்ளே, கோயில் தாசி கதை. எங்களுக்கு டிக்கெட் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு" என்றார் மச்சான்.

எங்கள் பக்கத்துக் கதைதான். ஆனால் இந்தப் படத்தில் இருக்கிற அம்மாள் இல்லை. எங்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி இதே பாரிசில், இதே மாதிரி ஒரு சீசனில், சம்பளத்துக்கு ஆடியிருக்கிறாள், 1838-இல். அவளைப் பார்த்துவிட்டுத்தான் பாரிஸ்காரர்கள் 'இவள் தாசி மாதிரியே இல்லையே' என்றார்கள்.

அந்தக் கூத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவுக்குத் தேவதாசி என்றால் யாரென்று தெரியாமல் இல்லை. தெரிந்தது போதாதென்று கற்பனையும் நிறைய இருந்தது. கடலோரத்தில் முதலில் வந்து இறங்கிய போர்த்துக்கீசியன், கோயிலில் ஆடுகிறவளைப் பார்த்து 'பைலாதேரா' என்றான். ஆடுகிறவள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் அதை மூக்கால் சொல்லி 'பயாதேர்' ஆக்கினான். எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் சுற்றிய சோனெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் பெரிய புத்தகம் போட்டு அதில் இவர்களைப் பற்றியும் எழுதினார். அவராவது நேரில் பார்த்தவர். 1797-இல் ஜெர்மனியில் மகாகவி கூதே, மாறுவேடத்தில் வரும் கடவுளையும் அவர்மேல் காதல் கொண்டு சிதையில் விழும் தாசியையும் வைத்துக் கவிதை கட்டினார். அவர் கன்னியாகுமரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கவிதை வந்திருக்காது, வியர்வைதான் வந்திருக்கும்.

1830-இல் பாரிஸ் ஆபரா அந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்தது. ஸ்க்ரீப் எழுதி ஓபேர் இசையமைத்த 'கடவுளும் பயாதேரும்'. கடவுள் யாரென்று நினைக்கிறீர்கள்? பிரம்மா. நம் நாட்டில் கோயில் கிடைக்காமல் தேடித் திரிகிற அதே பிரம்மா, பாரிசில் கதாநாயகன். எல்லாம் பூர்வ ஜென்ம பலன். தாசியாக ஆடியவர் மரீ தாலியோனி. அந்தக் காலத்துப் பாலேயின் பேரரசி. இரண்டு வருடம் கழித்து 'லா சில்ஃபீட்' என்ற நாட்டியத்தில், வெள்ளை மஸ்லின் பாவாடையில், கால் பெருவிரல் நுனியில் நின்று, பெண்ணென்றால் எடையே இல்லாத வஸ்து என்று ஐரோப்பாவை நம்ப வைத்தவர். இனி தாசி என்றால் தாலியோனி. தாசி பறப்பாள், பேசமாட்டாள், கடைசியில் சாவாள்.

இந்த நேரத்தில்தான் தார்திவெல் என்ற பிரெஞ்சு ஆசாமிக்கு ஒரு யோசனை வந்தது. நகலுக்கே இவ்வளவு கூட்டம் என்றால், அசலைக் கொண்டுவந்து நிறுத்தினால்?

அப்போது புதுச்சேரி கொஞ்சம் நொடித்த ஊர். ஆங்கிலேயனோடு போட்ட சண்டையெல்லாம் தோற்று, கோட்டையும் போய், 'சரி, வியாபாரம் மட்டும் பண்ணிக்கொள்' என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட ஊர். ஏற்றுமதி என்று பார்த்தால் இரண்டு சரக்கு. ஒன்று கினே என்ற நீலத்துணி. இங்கே சாயம் போட்டுச் செனகலுக்குப் போகும். இன்னொன்று மனிதர்கள். 1820-களின் கடைசியிலிருந்து பூர்போன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆளேற்றினார்கள். கைநாட்டு வாங்குவது, கப்பலேற்றுவது, கணக்கெழுதுவது எல்லாம் இந்த ஊர் எழுத்தர்களுக்கு அத்துப்படி. இதில் தார்திவெல் மூன்றாவது சரக்கைச் சேர்த்தார். ஒப்பந்தம் பதினெட்டு மாதம்.

ஆட்களைப் பிடித்த இடம் திருவந்திபுரம். கடலூரிலிருந்து கெடிலக் கரையோடு போனால் வரும் திவ்யதேசம். இன்றைக்கு முகூர்த்த நாளில் அங்கே போனால் ஔஷதகிரிப் படிக்கட்டில் மாப்பிள்ளை எது, பக்கத்துப் பெண்வீட்டார் எது என்று தெரியாது. அத்தனை கல்யாணம் ஒரே நேரத்தில் நடக்கும். அன்றைக்கு அது ஆங்கிலேயக் கம்பெனியின் சீமை. அதாவது, வெள்ளைக்காரனின் குடிகளைப் பிரெஞ்சுக்காரன் எல்லை தாண்டிக் கூட்டிவந்து கப்பலேற்றியிருக்கிறான். எல்லை என்று சொன்னாலும் இங்கே அது ஒரு வயல், ஒரு வாய்க்கால், அப்புறம் மறுபடி ஒரு வயல். இப்போது சாராயக்கடை இருப்பதை வைத்து எல்லையைக் கண்டுபிடிக்கிறோம். அப்போது எதை வைத்தோ.

மொத்தம் எட்டுப் பேர். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். தில்லையம்மாள், முப்பது வயது, கோஷ்டிக்குப் பெரியவள். அம்மணி, பதினெட்டு. ரங்கம் பதினாலு, சுந்தரம் பதின்மூன்று. வேதம், ஆறே வயது. பிரெஞ்சுப் பத்திரிகையில் இவர்கள் தில்லே, அமானி, ராம்கூன், சவுந்திரூன், வேதூன். சின்ன மூன்று பேருக்கும் வால் முளைத்துவிட்டது பாருங்கள். புதுச்சேரியில் யாரும் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒருவர் பதிந்த எழுத்துப்படி அப்பாவும் மகனும் வேறு வேறு ஜாதகம்.

நட்டுவனார் ராமலிங்கம். இன்னொரு வாத்தியக்காரரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சவராணிம்' என்று எழுதிவைத்தார்கள். சரவணனாக இருக்கலாம், யார் கண்டது. மிருதங்கம் தேவநாயகம். திருவந்திபுரத்துப் பெருமாளுக்கே தெய்வநாயகன் என்றுதான் பெயர். ஆக, ஊர்ப் பெருமாள் தானே இடுப்பில் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியது போலத்தான் கணக்கு.

கிளம்பியது எப்படி? அன்றைக்குப் புதுச்சேரியில் துறைமுகப் பாலம் கிடையாது. கப்பல் தொலைவில் ஆழத்தில் நிற்கும். கரையிலிருந்து சலங்கில் போக வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைத் தைத்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உள்ளே இருப்பவரின் குடலும் சேர்ந்து நெளியும். காலில் சலங்கை கட்டினவர்களைச் சலங்கில் ஏற்றிய அன்று கரையில் எத்தனை பேர் 'கடல் தாண்டினால் கோயிலில் சேர்ப்பார்களா' என்று தலையில் அடித்துக்கொண்டார்களோ. 1836-இல் ஏற்றிய புது கலங்கரை விளக்கம்தான் அவர்கள் கடைசியாகப் பார்த்த ஊராக இருக்கும். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு 1838 ஜூலை 24-ஆம் தேதி போர்தோவில் இறங்கினார்கள். ஒயினுக்குப் பேர்போன ஊர். ஆறு வயது வேதம் முதலில் கேட்டது மோராக இருந்திருக்கும்.

பாரிசில் ஜாகை கொடுத்த தெருவின் பெயரைக் கேளுங்கள். 'அலே தெ வவ்'. தமிழில், விதவைகள் சாலை. பெருமாளுக்குப் பொட்டுக்கட்டினவள் நித்திய சுமங்கலி. அவள் கையால் ஆலத்தி எடுத்தால் கண்ணேறு கழியும், அவள் கட்டின தாலிச்சரட்டைத்தான் ஊர்ப் பெண்கள் போட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஐந்து பேரைக் கொண்டுபோய் விதவைகள் சாலையில் குடிவைத்தான் தார்திவெல். வேண்டுமென்றே செய்யவில்லை, பாவம். அந்தத் தெரு இன்றைக்கு அவென்யூ மோந்தேன் என்று பெயர் மாறி, ஒரு கைப்பை விலைக்கு வில்லியனூரில் மனை வாங்கலாம் என்கிற கடைகளாக இருக்கிறது.

அந்த வீட்டுக்கு ஒருவர் பார்க்க வந்தார். தெயோஃபில் கோத்தியே. கவிஞர், 'லா பிரெஸ்' பத்திரிகையின் நாடக விமர்சகர், வயது இன்னும் இருபத்தேழு ஆகவில்லை. எட்டு வருடம் முன்னால் விக்தோர் யூகோவின் நாடகத்துக்குச் சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்டுப்போய் அரங்கத்தில் ரகளை செய்தவர். நம்ம கச்சேரி விமர்சகர் சுப்புடுவுக்கு நீளத் தலைமுடி வைத்து, பேனாவில் கொஞ்சம் காதலையும் ஊற்றினால் வருகிற ஆள். சுப்புடு பார்த்தால் அடவைப் பார்ப்பார், தாளத்தைப் பார்ப்பார். கோத்தியே அம்மணியைப் பார்த்தார். பாதம், கணுக்கால், பல், விரல் என்று கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல ஒவ்வொன்றாக எழுதினார். நிறத்துக்கு ஃபிளாரன்ஸ் நகரத்து வெண்கலத்தை உவமை சொன்னார். நம் ஊரில் இதே நிறத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்வது வேறு.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பாரிசில் அத்தனை பேரும் இவர்களைக் காட்சிப்பொருளாகப் பார்க்கும்போது, இது ஒரு கலை, இதற்கு இலக்கணம் இருக்கிறது என்று அடித்துப் பேசினவரும் அவர்தான். ஆனால் ஆட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், ஆடினவளைத் தாண்டிப்போக ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

துயிலரி அரண்மனையில் ராஜா லூயி பிலிப் குடும்பத்துக்கு முன்னால் ஒரு கச்சேரி ஆயிற்று. பிறகு ஆகஸ்ட் 22-ஆம் தேதி பொது அரங்கேற்றம். ஆபராவில் இல்லை, அது தாலியோனி வகையறாவுக்கு. இவர்களுக்குக் கிடைத்தது மோந்மார்த்ர் புல்வாரில் இருக்கும் வாரியேத்தே தியேட்டர். பாட்டும் சிரிப்புமாகத் துண்டு நாடகங்கள் போடுகிற இடம். மியூசிக் அகாடமி கொடுக்காமல் பொருட்காட்சி மேடை கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தத் தியேட்டர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

திரை ஏறுகிறது. பார்க்க வந்தவன் மனதில் என்ன இருக்கிறது? எட்டு வருடமாகப் பார்த்துப் பழகின தாசி. வெள்ளைப் பாவாடை, ரோஜா நிறக் காலுறை, வயலின். மேடையில் என்ன இருக்கிறது? கணுக்கால் வரை பைஜாமா, மேலே சேலைக்கட்டு, மூக்கில் நகை, வெறுங்கால். பாரிஸ் நாட்டியக்காரி தரையிலிருந்து எப்போது கிளம்பலாம் என்று பார்ப்பாள். இவர்கள் அரைமண்டியில் உட்கார்ந்து, 'நான் இங்கேயேதான் இருப்பேன்' என்று தரையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். வாத்தியக்காரர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பாலேயில் வாசிப்பவன் மேடைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பான். தலை தெரிந்தாலே குற்றம். சின்ன மேளம் என்கிற நம் தாசி ஆட்டத்தில் அப்படியா? நட்டுவனார் ஆடுகிறவளின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவள் இரண்டடி முன்னால் வந்தால் அவரும் இரண்டடி வருவார். மிருதங்கக்காரர் இடுப்பில் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு கூடவே நகர்வார். ராமலிங்கம் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொற்கட்டைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டு, பெண்ணைத் துரத்துகிற மாதிரி பின்னாலேயே வந்தால், முன்வரிசைச் சீமாட்டி என்ன நினைப்பாள்? போலீசைக் கூப்பிடலாமா என்றுதான் நினைப்பாள்.

நிகழ்ச்சி நிரலில் விஷ்ணுவுக்கு அலங்காரம், ராஜாவுக்கு சலாம், கத்தி நடனம், விதவைப் புலம்பல். நித்திய சுமங்கலிகள் விதவைகள் சாலையில் குடியிருந்து மேடையில் விதவை வேஷம் போட்டார்கள். காசு கொடுக்கிறவன் கேட்டால் என்ன செய்வது. கைத்தட்டல் வாங்கிக் கொடுத்தது புறா நடனம். நீளச் சல்லாத் துணி ஒன்றை வைத்துக்கொண்டு, நிற்காமல் சுழன்றுகொண்டே, அந்தத் துணியை முடிந்து, மடித்து, முறுக்கி, ஆட்டம் நிற்கும்போது பார்த்தால் கையில் புறா. தலைசுற்றாமல் சுற்றுவதே பெரிது. துணி மடிப்பது எங்கள் வீட்டில் நின்ற இடத்திலேயே நடப்பதில்லை. பாரிஸ் அசந்துபோனது. மற்றதற்கு, 'வித்தியாசமாக இருக்கிறது' என்றார்கள். சம்பந்தி வீட்டில் சாம்பாரைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? அதேதான்.

தாலியோனி செய்கிற தாசி வேறு மாதிரி இருந்தாளே என்றது கூட்டம். கோத்தியேவும் சில பேரும்தான், 'அட, இவர்கள்தானய்யா நிஜம்' என்று வாதாடினார்கள். நிஜத்துக்குச் சாட்சி தேவைப்பட்டது. நகலுக்கு யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர்கள் மட்டும் சுதாரிப்பாக இருந்தார்கள். குறுக்குக் கோடு போட்ட துணிக்கு 'பயாதேர்' என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஜவுளி உலகத்தில் அந்தப் பெயர் உண்டு. பார் என்ற சிற்பி அம்மணி ஆடும் கோலத்தில் ஒரு சின்ன வெண்கலச் சிலை செய்தார். கோயிலில் சிலைக்கு முன்னால் ஆடினவளைச் சிலையாகவே ஆக்கினான் பிரெஞ்சுக்காரன். பூசைதான் இல்லை.

அக்டோபரில் லண்டன். விக்டோரியா ராணிக்கு முடிசூட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்ட்ராண்டில் அடெல்ஃபி தியேட்டர். முதலாளி யேட்ஸ் நடிகரும்கூட. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர். அந்தச் சீசனிலேயே, டிக்கன்ஸ் 'நிக்கோலஸ் நிக்கல்பி'யை இன்னும் எழுதி முடிக்கவில்லை, தொடர்கதை பாதியில் இருக்கிறது, அதற்குள் நாடகமாக்கி மேடையேற்றினார். பாதிக் கதையை வைத்துக்கொண்டு முழு டிக்கெட் விற்றவர் அவர். திருவந்திபுரத்துப் பெண்கள் அப்படிப்பட்டவர் கையில் இருந்தார்கள். லண்டன் பனிமூட்டம், கரிப்புகை, அதில் வெறுங்கால் ஆட்டம். பிறகு ஐரோப்பாவில் வேறு ஊர்களுக்கும் போனார்கள்.

பல வருடம் கழித்துக் கோத்தியே எழுதினார், லண்டன் மூடுபனியில் மனம் கசந்து அம்மணி தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று. இதை நான் கோத்தியேவின் வாய்மொழியாக மட்டும் சொல்கிறேன். பாலேக்காரர்களுக்குக் கதாநாயகி செத்தால்தான் இரண்டாவது அங்கம் தொடங்கும். 1841-இல் 'ஜிஸேல்' பாலேவுக்குக் கதை எழுதினார் அவர். காதலில் ஏமாந்து செத்த பெண் ஆவியாக வருவாள். கூட ஆவிப்படை வேறு. அந்த ஆவிகளில் ஒருத்தியைத் தாசியாகவே எழுதிவைத்தார், பெயர் சுல்மே. அம்மணி அவர் தலையை விட்டு இறங்கவில்லை என்பது தெரிகிறதல்லவா? இன்றைக்கு ஜிஸேல் ஆடாத பாலே குழு இல்லை. சுல்மேயும் சளைக்காமல் அதில் வந்துகொண்டிருக்கிறாள். மச்சான் கொண்டுவந்த புத்தகத்தில் பேயாகிப்போன பெண் என்றேனே, அது இந்தக் கதைதான்.

1858-இல் கோத்தியே நம் சகுந்தலையைப் பாலே ஆக்கினார். ஆட்டம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவருக்கு ஒரு தம்பி. மாரியூஸ் பெத்திபா. ருஷ்யாவுக்குப் பிழைக்கப் போய் அங்கே ஜார் மன்னனின் பாலேவுக்கே வாத்தியாராகிவிட்டவர். தம்பி 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு நாட்டியம் போட்டார். லூட்விக் மின்குஸ் இசை. அதுதான் 'லா பயாதேர்'. அதுதான் நடுப்பக்கத்துப் பெருவிரல்.

கதை நடக்கும் இடம் கோல்கொண்டா. குதுப்ஷாகி சுல்தான்கள் ஆண்ட கோல்கொண்டாவில் ஒரு இந்து ராஜா, ஒரு பெரிய கோயில், அதில் ஒரு பிரதான பிராமணர். அந்தப் பிராமணருக்குத் தாசி நிக்கியா மேல் கண். நிக்கியாவுக்குப் போர்வீரன் சோலோர் மேல் கண். ராஜாவுக்குச் சோலோரை மாப்பிள்ளையாக்கிக்கொள்ளக் கண். ராஜா மகள் கம்சாத்தி பூக்கூடைக்குள் பாம்பை வைத்து அனுப்ப, நிக்கியா செத்துப்போகிறாள். பிரதான பிராமணர் விஷமுறி மருந்தோடு பக்கத்திலேயே நிற்கிறார். 'என்னோடு வந்தால் தருவேன்' என்கிறார். பாம்புக்கடிக்கு ஜிப்மரில்கூட இவ்வளவு பேரம் கிடையாது. சோலோர் துக்கம் தாங்காமல் அபின் இழுக்கிறான். இழுத்த மயக்கத்தில் மலைச்சரிவிலிருந்து வெள்ளைப் பாவாடையில் ஒருத்தி இறங்குகிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. ஒரே அசைவு, ஒரே கோணம். ருஷ்ய மரபில் முப்பத்திரண்டு பேர் வரிசையாக இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

கேலி பேசிக்கொண்டே வந்த நான் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த ஆவி ஊர்வலத்தைக் கணினியில் பார்த்திருக்கிறேன். ஒரு சங்கதியை விடாமல் திரும்பத் திரும்பப் பாடி ஒவ்வொரு முறையும் ஒரு இழை சேர்ப்பானே நல்ல பாடகன், அந்த மாதிரி. அழகு என்றால் அழகுதான். தாசிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

அப்புறம் கோயில் இடிந்து எல்லோர் தலையிலும் விழும். சில ஊர்களில் கட்டுமானச் செலவு அதிகம் என்று அந்த அங்கத்தையே வெட்டிவிடுகிறார்கள்.

பயாதேரின் அந்த நிக்கியா வேஷத்தை 1902-இல் ஓர் இளம்பெண் ஆடினாள். பெயர் அன்னா பாவ்லோவா. உலகம் முழுக்கச் சுற்றினவள். 1928-இல் பம்பாய்க்கு வந்தபோது, பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அவள் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா போனார்கள். ருக்மிணி தேவிக்குப் பாலே கற்றுக்கொள்ள ஆசை. பாவ்லோவா குழுவைச் சேர்ந்த ஒருத்தியிடம் பாடமும் ஆரம்பித்தார். பாவ்லோவா என்ன சொன்னாள்? உன் நாட்டிலேயே இருக்கிறதே, அதைத் தேடிப் போ என்றாள். கால் பெருவிரலில் நின்று தேவதாசியாக நடித்தவள், திருவந்திபுரத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்குள் அடையாற்றில் குடியிருந்தவளுக்கு, நிஜத் தேவதாசியின் ஆட்டத்துக்கு வழி காட்டுகிறாள். இதை நான் கதையாக எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்புவார்.

ருக்மிணி தேவி போனார், கற்றார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். 1935-இல் ஆடினார், 1936-இல் கலாக்ஷேத்ரா. சின்ன மேளம், சதிர் என்ற பெயர்களெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போயின. நட்டுவனார் முதுகுப் பக்கத்திலிருந்து ஓரமாக வந்து உட்கார்ந்தார். பாரிஸ் சீமாட்டி 1838-இல் என்ன கேட்டாளோ அது நூறு வருடம் கழித்துச் சென்னையில் நடந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது. அது நிறுத்த வேண்டியதுதான். ஆறு வயதுக் குழந்தையைக் கப்பலேற்றின கதையைச் சொல்லிவிட்டு நான் வேறு மாதிரிப் பேச முடியாது. ஆனால் ஆட்டம் ஒரு வீட்டுக்கும் ஆடினவள் ஒரு வீட்டுக்குமாகப் பாகப்பிரிவினை ஆனதில், அம்மணி வீட்டாருக்கு என்ன வந்தது என்று கேட்டால் பத்திரத்தில் அந்தக் கட்டம் காலி.

புத்தகத்தை மறுபடி புரட்டினேன். பின்பாதி, நவீனம். வெறுங்கால், மடக்கின முழங்கால், தரையைத் தட்டும் பாதம், மேடையில் ஆடுகிறவர்களுக்கு நடுவிலேயே தாள வாத்தியக்காரர் ஒருவர். பக்கத்தில் போட்டிருந்ததை மச்சானின் மகள் படித்துத் தமிழில் சொன்னாள். பூமியோடு உறவாடும் புதிய மொழியாம். புதிது! தில்லையம்மாள் வாரியேத்தே மேடையில் இதையே செய்தபோது டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்த ஊர் அது.

மச்சான் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து போன் செய்தார்.

"மாப்ளே, பயாதேருக்கு ஒரு டிக்கெட் கூடுதலா கிடைச்சிருக்கு. வர்றீங்களா? விசா நான் பாத்துக்கறேன்."

"மிருதங்கம் உண்டா மச்சான்?"

போனைக் கையால் மூடிக்கொண்டு மகளிடம் பிரெஞ்சில் கேட்பது கேட்டது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"இல்லையாம். வயலின் மட்டும் முப்பது இருக்காம்."

"வாசிக்கிறவங்க எங்க உக்காருவாங்க?"

"கீழ, பள்ளத்துல."

"அப்ப வேணாம் மச்சான். கருவாடு ஏதாவது அனுப்பணுமா?"